பத்தி முடிந்தால் பந்தி கலையலாமா?

ஓர் ஏட்டில் பல்லாண்டுகளாக உணவைப் பற்றி எழுதி வந்த ஒருவர் ஒருநாள் எழுதுகோலைக் கீழே வைக்கிறார். அடுத்த கிழமை அவ்விடத்தில் ஒரு விளம்பரம் வந்து அமர்கிறது. ஏட்டாசிரியர் காரணம் சொல்வதில்லை. எழுதியவரும் விடைபெற்றுக் கொள்வதில்லை. வாசகர் சிலர் கடிதம் எழுதிக் கேட்கின்றனர். மறுமொழி கிட்டாமையால் அவர்களும் நாளடைவில் ஓய்ந்து விடுகின்றனர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் தமிழ் ஏடுகளின் மகளிர் பகுதிகளிலும் ஞாயிறு மலர்களிலும் இவ்வாறு ஓசையின்றி மறைந்த உணவுப் பத்திகள் எத்தனை? எண்ணி வைத்தவர் யார்?

ஒரு தொடர்கதை பாதியில் நின்றால் ஊரெல்லாம் பேசுகிறோம். ஒரு கவிஞர் எழுதாமற் போனால் கருத்தரங்கம் கூட்டிக் காரணம் ஆராய்கிறோம். உணவைப் பற்றி எழுதியவர் நிறுத்தினால் மட்டும் அடுப்பு அணைந்ததாகக் கருதி அடுத்த வேலைக்குப் போய்விடுகிறோம். இப்போக்குத் தவறு என்பதே இக்கட்டுரையின் வாதம். எழுதுவதை நிறுத்தும் உரிமை எவர்க்கும் உண்டு. எழுதியவற்றைத் தொகுக்காமலும், தம்மை நம்பிப் படித்தவரிடம் விடைபெறாமலும், அவர்கள் தந்தவற்றைக் காக்க வழிசெய்யாமலும் நிறுத்தும் உரிமை எவர்க்கும் இல்லை. அவ்வாறு நிறுத்தப்படுவதைக் கண்டு வாளாவிருக்கும் உரிமை தமிழாசிரியர்க்கும் இல்லை.

இலக்கியம் ஆகாதா?

“சமையற் குறிப்புக்கு இத்தனை ஆரவாரம் எதற்கு? அஃது இலக்கியமா?” என்று கேட்போர் உளர். அவர்களுள் சிலர் வகுப்பறையில் சங்க இலக்கியம் நடத்துவோர் என்பதுதான் வியப்பு. குறுந்தொகையின் 167-ஆம் பாடலை அவர்களுக்கு நினைவூட்ட விரும்புகிறேன். புதுமணப் பெண் ஒருத்தி கட்டித் தயிரைத் தன் விரல்களாற் பிசைகிறாள்; அவ்விரல்களை உடுத்த ஆடையிலேயே துடைத்துக்கொள்கிறாள்; தாளிப்புப் புகை அவள் கண்களில் நிறைகிறது; தானே துழாவிச் சமைத்த அந்தப் புளிக்குழம்பைக் கணவன் இனிதென்று உண்கிறான்; அவள் முகம் நுட்பமாக மலர்கிறது. கூடலூர் கிழார் பாடிய இப்பாட்டில் போர் இல்லை; மன்னன் இல்லை; அறவுரையும் இல்லை. ஒரு குழம்பும் அதைச் செய்த கையும் உண்ட வாயுமே உள்ளன. இதனைத் தமிழர் இலக்கியம் என்றே போற்றி வந்துள்ளனர். பெரும்பாணாற்றுப்படையை எடுத்துக்கொண்டால், பாணன் செல்லும் வழியில் எயினரும் ஆயரும் உழவரும் பிறரும் எவ்வெவ்வுணவு தந்து விருந்தோம்புவர் என்பதை அப்புலவர் நிரல்படக் கூறக் காண்கிறோம். நிலமும் தொழிலும் மாறும்போது உண்கலத்தில் விழும் உணவும் மாறுகின்றது என்பதை அவர் கண்டார், கண்டதைப் பாடினார்.

இன்னொன்றையும் இங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். கூடலூர் கிழார் பாடியதனால் மட்டும் அப்பாட்டு நம் கைக்கு வந்துவிடவில்லை. பூரிக்கோ என்பார் குறுந்தொகையைத் தொகுத்தார், பெயர் தெரியாத பலர் ஓலையினின்று ஓலைக்குப் படியெடுத்தனர், 1915-இல் சௌரிப்பெருமாள் அரங்கனார் அச்சேற்றினார், 1937-இல் உ. வே. சாமிநாதையர் உரையுடன் பதிப்பித்தார். பாடியவர் ஒருவர், காத்தவர் பலர். உதிரியாகக் கிடந்த பாட்டைத் தொகையாக்கிய மரபில் வந்த நாம், உதிரியாகக் கிடக்கும் உணவுக் குறிப்புகளைப் பழந்தாள் கடைக்கு அனுப்பிவிட்டு மேடையேறி மரபைப் பற்றி முழங்குவது பொருந்துமா?

உணவு நிலைக்கும், சொல் நிலைக்குமா?

“வீட்டுக்கு வீடு சமைக்கத்தான் செய்கிறார்கள். எழுதாவிட்டால் உணவு அழிந்தா போகும்?” என்பது அடுத்த வாதம். இதில் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதி உண்மையே நம்மை ஏமாற்றுவது.

மலாக்கா செட்டிகளைப் பாருங்கள். 15-ஆம் நூற்றாண்டில், மலாக்கா சுல்தான்கள் ஆண்ட காலத்தில், அத்துறைமுகத்திற்கு வந்து குடியேறிய தமிழ் வணிகரின் வழியினர் அவர்கள். அவர்தம் இல்லமொழி மலாய். ஆயினும் பொங்கலுக்கு முந்திய நாளில் முன்னோர்க்கு உணவு படைத்து வழிபடும் வழக்கத்தை அவர்கள் கைவிடவில்லை. ஐந்நூறு ஆண்டுகளாக வழிபாட்டையும் படையலையும் காத்து வருவோரைக் குறைசொல்ல நமக்குத் தகுதி இல்லை. அவர்கள் போற்றத் தக்கவர்கள். ஆனால் அவர்கள் வரலாறு நமக்கு ஒன்றைக் கற்பிக்கின்றது. உணவு தானாகவே நிலைக்கக் கூடும். உணவைச் சொல்லும் மொழி தானாக நிலைக்காது. தமிழில் சமைத்ததைத் தமிழிற் சொல்லி, தமிழில் எழுதி, அடுத்த தலைமுறையின் கையில் கொடுத்தால்தான் அது தமிழாக நிலைக்கும். கவலை குழம்பைப் பற்றியதன்று. குழம்பின் பெயரைப் பற்றியது.

நம் உணவுத் தமிழ் எவ்வளவு வளமுடையது என்பதை நாமே அறிவதில்லை. தமிழ்நாட்டில் காலை உணவு, சிற்றுண்டி என்பார்கள், நாம் “பசியாறிவிட்டீர்களா?” என்று கேட்கிறோம். விடியுமுன்னே பெரட்டுக்குப் போய், பால் மரம் வெட்டி, பின்னரே வாயில் ஏதேனும் இட்ட தோட்டத் தொழிலாளிக்கு அச்சொல்லின் பொருள் அகராதியின்றியே விளங்கும். சந்தையில் ‘ஈக்கான் பிலிஸ்’ என்று கேட்டு வாங்கி, வீட்டில் நெத்திலிச் சம்பல் என்று பரிமாறுகிறோம். சீனர் கொணர்ந்த மஞ்சள் மீயைத் தமிழ் முஸ்லிம் கடைக்காரர் தம் இரும்புச் சட்டியில் புரட்டி எடுத்தபோது மீ கோரெங் நமதாயிற்று. 1942 முதல் 1945 வரை சப்பானியர் ஆட்சியில் அரிசி அரிதானபோது மரவள்ளிக் கிழங்கு உயிர் காத்தது; அக்கிழங்கை அவித்தும் மாவாக்கியும் பசி தணித்த கைத்திறன் நம் பாட்டிமாரிடம் இருந்தது. இவையெல்லாம் எந்த வரலாற்று நூலில் விரிவாக எழுதப்படும்? உணவுப் பத்தி ஒன்றில்தான் எழுதப்படும்.

அளவைகளை எடுத்துக்கொள்வோம். பழைய குறிப்பொன்றில் “ஒரு கட்டி இறைச்சி, இரண்டு தாகில் மல்லி, பால் டின்னால் இரண்டு டின் அரிசி” என்றிருக்கும். 16 தாகில் கொண்டது ஒரு கட்டி. ஒரு கட்டி ஏறத்தாழ 605 கிராம். கிலோகிராமுக்கு நாம் மாறியது 1970-களிலும் 1980-களின் தொடக்கத்திலுமே. ஏறத்தாழ அரை நூற்றாண்டே கழிந்துள்ளது. அதற்குள் இன்றைய மாணவனுக்குத் தாகில் என்பது புரியாத சொல்லாகிவிட்டது. எழுதியவர் உயிரோடும் நினைவோடும் இருக்கும்போதே விளக்கம் எழுதி வாங்கிக்கொள்ளாவிட்டால், அக்குறிப்பு நாளை எவர் நாவுக்கும் எட்டாத வெறுந்தாளே.

சிங்கப்பூரின் உணவங்காடிப் பண்பாட்டை 2020-இலும், மலேசியாவின் காலை உணவுப் பண்பாட்டை 2024-இலும் யுனெஸ்கோ தன் மரபுப் பட்டியலிற் சேர்த்தது. நாசி லெமாக்கும் ரொட்டி சானாயும் தே தாரிக்கும் உலகோர் மதிக்கும் மரபாகிவிட்டன. அந்த ரொட்டியை வீசியவருள்ளும் அந்தத் தேநீரை ஆற்றியவருள்ளும் தமிழ் பேசியோர் பலர். அவர்களின் கைத்தொழிற் சொற்களை நம் கட்டுரைத் தொகுப்புகளில் தேடிப் பாருங்கள். உலகம் ஏற்றுக்கொண்டதை நம் எழுத்தாளர் உலகம் இன்னும் வாயிலிலேயே நிறுத்தி வைத்திருக்கிறது.

“கைப்பேசியைத் திறந்தால் ஆயிரம் காணொளிகள், இனிப் பத்தி எதற்கு?” என்பாரும் உண்டு. காணொளி கையசைவைக் காட்டும். அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் சென்னையில் எடுக்கப்பட்ட காணொளி, சுங்கை சிப்புட் வீட்டுக் கொல்லையில் காய்க்கும் காயின் பெயரைச் சொல்லுமா? எழுத்தில் நின்ற சொல்லே பாடமாகும், தேர்வுக்கும் வரும், அகராதியிலும் ஏறும்.

வாசகர் எழுதிய பாதி

நான் 11 ஆண்டுகள் ஓர் ஏட்டில் உணவுப் பத்தி எழுதி, இப்பொழுது நிறுத்தியிருக்கிறேன். அந்தப் பட்டறிவிலிருந்து ஒன்றைத் துணிந்து சொல்வேன். கதை எழுதுவோனுக்கு வாசகன் பாராட்டு எழுதுவான். அல்லது கண்டனம் எழுதுவான். உணவு எழுதுவோர்க்கு வாசகர் செய்துபார்த்து எழுதுவர். “நீங்கள் மீன் குழம்புக்குப் புளி என்றீர்கள், எங்கள் தோட்டத்தில் பெலிம்பிங் காயை நறுக்கிப் போடுவோம், புளிப்பு வேறு, மணமும் வேறு” என்று ஓர் அம்மையார் எழுதினார். அக்கடிதம் வந்த நாள்முதல் அந்தக் குழம்பு எங்கள் இருவர்க்கும் பொதுவாயிற்று. “அம்மா காலமாகிவிட்டார், அவர் வைக்கும் கருவாட்டுக் குழம்பில் ஏதோ ஒன்று கூடுதலாக இருக்கும், அஃது என்னவென்று கண்டுபிடித்துச் சொல்ல முடியுமா?” என்று ஓர் இளைஞர் எழுதினார். இத்தகைய கடிதத்திற்கு விடை தேட ஐந்து வீடு ஏறி இறங்க வேண்டும். ஏறி இறங்கியபின் எழுதப்படுவது வெறும் சமையற் குறிப்பா?

இவ்வகை எழுத்தில் பாதி வாசகர் எழுதியது. ஆதலால் முழுவதையும் தம் விருப்பம்போல் அழியவிட எழுதியவர்க்கு உரிமை இல்லை என்கிறேன். எஸ். மீனாட்சி அம்மாள் எழுதிய ‘சமைத்துப் பார்’ நூலின் முதற்பாகம் 1951-இல் வெளிவந்தது. உறவினர் பலர் அது செய்வது எப்படி, இது செய்வது எப்படி என்று ஓயாமற் கேட்டு வந்ததே அந்நூலுக்கு வித்து. கேட்போர் இருந்தனர், அவர்களுக்கு எழுதிய விடைகளை நூலாக்கச் சொல்லி ஊக்கிய குடும்பப் பெரியவர் ஒருவரும் இருந்தார், அதனால் தமிழர் இல்லங்களில் தலைமுறை தலைமுறையாகப் புரட்டப்படும் நூலொன்று கிடைத்தது. நம்மிடமும் கேட்போர் இருந்தனர். விடை சொன்னோரும் இருந்தனர். ஊக்கித் தொகுப்பித்த பெரியவர்கள்தாம் போதவில்லை.

பத்தி நின்றபின் அந்தக் கடிதங்கள் எங்கே போகின்றன? தகரப் பெட்டிக்குப் போகின்றன. பின்பு கறையானுக்குப் போகின்றன. எழுதியவரின் பிள்ளைகளுக்குத் தமிழ் படிக்க வராதென்றால் கறையானுக்கு முன்பே குப்பை வண்டிக்குப் போய்விடுகின்றன. ஏட்டிலேயே இருக்குமே என்று ஆறுதல் அடைய வேண்டா. 1924-இல் தோன்றிய தமிழ் நேசன் 2019-இல் நின்றுவிட்டது. நாளேடே நிற்கும் காலத்தில், அதன் மூலையிலிருந்த பத்தியின் கதி என்ன? நூலகத்தில் பழைய இதழ்கள் காக்கப்படும் இடத்திலுங்கூட, எந்த ஆண்டு, எந்தக் கிழமை என்று அறியாதவர் எதைத் தேடி எடுப்பார்?

நிறுத்தும் உரிமை

இனி, மறுபக்கத்தாரோடும் நான் வழக்காட வேண்டியுள்ளது. நிறுத்தவே கூடாது என்று வற்புறுத்தும் அன்பர்கள் அவர்கள். “நீங்கள் நிறுத்தினால் நாங்கள் என்ன செய்வோம்?” என்று கேட்பதில் அன்பு இருக்கிறது. ஆனால் அறிந்ததை எல்லாம் எழுதி முடித்த பின்னும் எழுதுவோர், சொன்னதையே வேறு பெயரிற் சொல்ல நேரும். சென்ற ஆண்டின் எலுமிச்சைச் சோறு இவ்வாண்டு ‘திருவிழாச் சோறு’ ஆகும். பிற நாட்டு இதழிலிருந்து வெட்டியெடுத்த குறிப்புக்குத் தாளிப்பு மட்டும் புதிதாக இடப்படும். உடல் தளர்ந்தவர் அடுப்பருகே நின்று செய்துபார்க்காமலே எழுதத் தொடங்குவார். செய்துபாராமல் எழுதிய குறிப்பு வாசகரின் அரிசியையும் வீணாக்கும், நம்பிக்கையையும் வீணாக்கும். பெயரைக் காப்பதற்காகப் பத்தியை நீட்டுவதைக் காட்டிலும், வாசகரைக் காப்பதற்காகப் பத்தியை முடிப்பதே அறம்.

முடிப்பதற்கு முறை இருக்கிறது. நம் பந்தியிலேயே அம்முறை இருக்கிறது. குழம்பும் இரசமும் வந்தபின் மோர் வருகிறது. மோர் வந்ததும் பந்தி முடியப் போகிறது என்பதை உண்போர் உணர்ந்துகொள்வர். வேண்டியதை அதற்குள் கேட்டு வாங்கிக்கொள்வர். மோர் ஊற்றாமலே இலையை எடுப்பவரை நம் ஊரில் என்ன சொல்வார்கள் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

விடைபெறும் முறை

முதலாவது, முன்னறிவிப்பு. இன்ன திங்களோடு பத்தி முடிகிறது என்று மூன்று திங்களுக்கு முன்னரே எழுத வேண்டும். கேட்க நினைத்துத் தள்ளிப்போட்ட வாசகர் அப்போதுதான் கேட்பார்.

இரண்டாவது, நிலுவைக் கடிதங்களுக்கு மறுமொழி. ஒரு வரியாவது எழுத வேண்டும். தெரியாததைத் தெரியாது என்று எழுதுவதும் மறுமொழியே.

மூன்றாவது, தொகுப்பும் அகரவரிசை அட்டவணையும். ஒவ்வொரு குறிப்பின் கீழும் பழைய அளவு, அதற்கு நேரான இன்றைய அளவு, வட்டாரச் சொல், அதன் பொருள், அது கிடைத்த வகை ஆகியவற்றைக் குறிக்க வேண்டும். வாசகர் தந்த மாற்றங்களை அவர் இசைவு பெற்று, அவர் விரும்பினால் பெயருடனும் விரும்பாவிடின் பெயரின்றியும், தனியே காட்ட வேண்டும். மறைவாக எழுதிய குடும்பச் செய்திகளை அச்சேற்றுதல் கூடாது.

நான்காவது, கையளிப்பு. நூலாக அச்சிட இயன்றால் நன்று. அச்சிட்ட நூலைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்க வேண்டும் என்பதற்கு மலேசியாவில் 1986-ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது. அச்சிட இயலாவிடில், தட்டெழுத்துப் படிகள் மூன்றேனும் எடுத்து, ஒன்றை நூலகத்திற்கும், ஒன்றை எழுத்தாளர் சங்கத்திற்கும், ஒன்றை அருகிலுள்ள தமிழ்ப்பள்ளிக்கும் கொடுக்கலாம்.

ஐந்தாவது, தொடர்பு. பத்தி முடிந்தால் உறவு முடிய வேண்டும் என்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை, பொங்கலுக்கோ தீபாவளிக்கோ, வாசகர்க்கு ஒரு பொதுக்கடிதம் எழுதலாம். கிழமைதோறும் எழுதிய கைக்கு ஆண்டுக்கு ஒரு கடிதம் சுமையாகாது. அக்கடிதத்தில் புதுக்குறிப்பு வேண்டியதில்லை; “இன்னார் கேட்டதற்கு இன்னார் விடை தந்தார்” என்ற இரண்டு செய்திகள் போதும். வாசகர் ஒருவரையொருவர் அறிந்துகொள்ளும்படி செய்துவிட்டு ஒதுங்குபவரே நல்ல பத்தியாளர்.

ஆசிரியர்க்கும் மாணவர்க்கும்

தமிழாசிரியப் பெருமக்களே! ‘நான் ஒரு குடை’, ‘நான் ஒரு காலணி’ என்று தன்கதை எழுதச் சொல்லி ஆண்டுதோறும் தாள் திருத்துகிறீர்கள். வாழாத குடையின் கதையை எழுதும் மாணவன், வாழ்ந்த பாட்டியின் கதையை ஏன் எழுதக் கூடாது? “உன் வீட்டில் மட்டும் செய்யப்படும் ஓர் உணவு, அதைச் செய்பவர் யார், அவர் யாரிடம் கற்றார், என்ன அளவு, என்ன சொல்?” என்று ஒரே ஒரு கட்டுரைத் தலைப்புக் கொடுத்துப் பாருங்கள். அந்த ஒரு வகுப்பிலேயே அகராதி ஏறாத சொற்கள் பல கிடைக்கும். எழுத்தை நிறுத்திய பத்தியாளர் எவரேனும் உங்கள் ஊரில் இருந்தால் அவரைப் பள்ளிக்கு அழையுங்கள். பொன்னாடை போர்த்திப் புகழ்ந்து அனுப்பிவிடாமல், மாணவர் இருவரை அவரிடம் ஒப்படைத்து அட்டவணை எழுதச் செய்யுங்கள்.

மாணவச் செல்வங்களே! உங்கள் வீட்டு அலமாரியில் மஞ்சள் கறை படிந்த குறிப்பேடு ஒன்று இருக்கக் கூடும். அதில் ஒட்டியிருக்கும் செய்தித்தாள் துண்டுகளின் ஓரத்தில் உங்கள் பாட்டியோ அம்மாவோ “உப்புக் குறைக்க”, “தேங்காய் வேண்டா” என்று எழுதியிருப்பார்கள். அந்த ஓரக்குறிப்பு ஒரு வாசகரின் எழுத்து. நம் நாட்டுத் தமிழ் உரைநடையின் ஒரு பகுதி. அவர்கள் இருக்கும்போதே அருகில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லுக்கும் பொருள் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எழுத்தாளர் சங்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அடுத்த கட்டுரைத் தொகுப்பு வெளிவரும்போது அதில் உணவைப் பற்றிய ஒரு பகுதிக்கு இடம் ஒதுக்குங்கள். நின்றுபோன பத்திகளின் பட்டியல் ஒன்றை உறுப்பினரைக் கொண்டு திரட்டுங்கள். யார் எழுதினார், எந்த ஏட்டில், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை என்ற நான்கு செய்திகள் இருந்தாலே ஆய்வு மாணவர் ஒருவர் வேலையைத் தொடங்கிவிடுவார்.

எழுதும் கை ஒருநாள் ஓயத்தான் வேண்டும். அதில் இழிவு ஒன்றும் இல்லை. ஓயுமுன் அந்தக் கை வைத்திருப்பதை வாங்கிக்கொள்ள இன்னொரு கை நீளவேண்டும். எழுதுவோர் முறையாக முடிப்பாராக. வாசகர் தாம் தந்ததைக் கேட்டுப் பெறுவாராக. ஆசிரியரும் மாணவரும் அதனைத் தொகையாக்குவாராக. நாளைக்கு நம் வழியில் வரும் ஒரு பெண், தன் கொள்ளுப்பாட்டி வைத்த குழம்பின் பெயரைத் தமிழிலேயே சொல்லிச் சமைக்கட்டும்.